பாதை வந்து படுத்த வீடு

மார்கழி பிறந்த ஐந்தாம் நாள் விடியலில், சாணித் தண்ணீர் வாளியும் கையுமாக வெளியே வந்த பூங்காவனம், தன் வீட்டு வாசலில் காட்டுப்பாதை வந்து படுத்திருப்பதைப் பார்த்தாள். மலைமேல் ஓணான்பாறை முகாமுக்கு ஜீப்புகள் ஏறிப்போகும் பதினான்கு கிலோமீட்டர் பாதை அது. வேலியோரத்தில் தலையை வைத்து, துவைகல்லைச் சுற்றி, முருங்கைமரத்தைச் சுற்றி, தன் மேலேயே மடிந்து மடிந்து, கடைசி முனையைக் கோழிக்கூண்டுக்கு அடியில் செருகிக்கொண்டு கிடந்தது. வேறு ஏதாவது பாதையோ என்று சந்தேகப்பட இடமே இல்லை. ஏழு வருஷமாகக் கடப்பாரையும் கூடையுமாகப் போய், நாளுக்கு ஒரு துண்டாக அதன் பள்ளங்களில் கல் அடுக்கி, மண் தள்ளி, காலால் மிதித்துவிட்டு வருகிறவள் அவள்தான். எந்த வளைவில் எந்தக் கல் இருக்கிறது என்பது அவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். இரண்டு சக்கரத் தடங்களும், அவற்றின் நடுவில் முதுகெலும்புபோல ஓடும் புல்மேடும், மூன்றாம் வளைவில் ஒரு ஜீப் ஒழுகவிட்ட எண்ணெய்க்கறையும், யாரோ எறிந்துவிட்டுப் போன சிப்ஸ் பாக்கெட்டும் எல்லாம் அப்படியே இருந்தன. தொட்டுப் பார்த்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. புழுதி மெல்ல எழும்பி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது, வெகுதூரம் நடந்து வந்தவர்கள் படுத்த கையோடு விடும் மூச்சைப்போல.

கோலம் போட இடமில்லை. வாசற்படிக் கல்லின் மேலேயே சின்னதாக நான்கு புள்ளி வைத்து முடித்துக்கொண்டு, அவள் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எப்போதும் சிவப்பாக வாயைத் திறந்துகொண்டிருக்கும் பாதை அங்கே இல்லை. மரங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன, நடுவில் யாரும் எந்தக் காலத்திலும் வந்ததேயில்லை என்பதுபோல.

அப்போதுதான் அவளுக்குத் தன் புருஷன் நினைவு வந்தது. சடையன் ஓணான்பாறை முகாமில் சமையல்காரர். நகரத்திலிருந்து வந்த எட்டு விருந்தாளிகளோடு இரண்டு நாள் முன்பு மேலே போனவர், அன்று மத்தியானம் அவர்களோடு ஜீப்பில் இறங்கி வர வேண்டியவர். மேலே செல்போன் எடுக்காது. அரிசி, பருப்பு எல்லாம் ஆளுக்கும் நாளுக்கும் அளந்துதான் ஏற்றுவார்கள்.

முதலில் வந்தவன் கோவிந்தராசு. ஊரில் ஓடும் மூன்று ஜீப்புகளில் ஒன்று அவனுடையது, மற்ற இரண்டையும் ஓட்டுகிறவர்கள் அவன் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசாதவர்கள். சடையனுக்குச் சித்தப்பா மகன். வேலிக்கு வெளியே நின்று பாதையை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, உறவுக்காரர் வந்திருக்கும் வீட்டில் விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

“எப்ப வந்துச்சு, அண்ணி?”

“விடியக்காலமே வந்திருக்கும். நான் பார்க்கறப்போ படுத்திருந்துச்சு.”

“ஏதாச்சும் குடிச்சுதா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கோவிந்தராசு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வேலியோரத் தலைமாட்டில் ஊற்றினான். பாதை அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு குடம் ஊற்றினார்கள், அதையும் குடித்தது. அதற்குள் செய்தி பரவி, ஈச்சங்குழியின் நாற்பது வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு குடத்தோடு வந்துவிட்டார்கள். பாதை எல்லாவற்றையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தளர்ந்து, இன்னும் கொஞ்சம் அகலமாகப் படுத்துக்கொண்டது.

ஆண்கள் அரிவாளோடு காட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். வெட்டி வெட்டி உள்ளே போனவர்கள், உச்சி வெயிலில் தாங்கள் நுழைந்த அதே இடத்தில் அதே பக்கமாக வெளியே வந்தார்கள். அவர்கள் வெட்டிய செடிகள் பின்னாலேயே எழுந்து நின்றன. ஆற்று வழியாகப் போனவர்களையும், பாறை வழியாகப் போனவர்களையும் காடு அப்படியே திருப்பி அனுப்பியது. காட்டில் பாதை என்பது எல்லா வழிக்கும் தாய்போல. அது எழுந்து வந்துவிட்டதால் குட்டி வழிகளும் கூடவே போய்விட்டன என்று பேசிக்கொண்டு அவர்கள் வீடு திரும்பினார்கள். ஒரே ஆறுதல், ஓணான்பாறையின் தலையிலிருந்து இரண்டு கோடாகப் புகை எழும்புவது ஊரிலிருந்து தெரிந்தது. சடையன் இரண்டு அடுப்பும் மூட்டியிருக்கிறார் என்று பூங்காவனம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே ஊர் அதற்குப் பழகத் தொடங்கிவிட்டது. ஆட்டுக்குத் தடுப்பூசி போட வந்த கால்நடை உதவியாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்கள். அவர் குந்தி உட்கார்ந்து புல்மேட்டைத் தடவிப் பார்த்து, காய்ச்சல் இல்லை, அசதிதான், தன் பையில் இதற்கு மருந்தில்லை என்று சொல்லி, கேட்காமலேயே ஒரு டம்ளர் மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வனக்காவலர் வந்து, காட்டுக்குச் சொந்தமானது பட்டா நிலத்தில் படுத்திருப்பது யார்மேல் குற்றம் என்று வெகுநேரம் யோசித்தார். எழுதுவதற்கு எடுத்த நோட்டை மூடி வைத்துவிட்டு, எதற்கும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மிதித்தால் என்ன ஆகும் என்பது கோழியால்தான் தெரிந்தது. காலையில் மேய இறங்கிய வெள்ளைக்கோழி, பாதையின் முதல் மடிப்பில் கால் வைத்ததும் நடக்கத் தொடங்கி, வாசலைச் சுற்றிச் சுற்றி நடந்து, பொழுது சாயும்போது நாக்கு வறண்டு கூண்டுக்கு வந்து சேர்ந்தது. பாதை சுருங்கவில்லை, சுருண்டுதான் இருந்தது. அதன்மேல் ஏறுகிறவர் பதினான்கு கிலோமீட்டரையும் நடந்தாக வேண்டும். இது தெரிந்த பிறகு பூங்காவனம் விறகெடுக்கக் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போனாள். ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்திருந்த மளிகைக்கடைப் பெருமாளுக்கு அது வரமாகப் பட்டது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவரை, எதிர்வீட்டுக் காசியம்மாள் துடைப்பத்தோடு மறித்தாள்.

“உடம்பு முடியாம வந்து படுத்திருக்குது, அது மேல ஏறி உன் தொப்பையைக் கரைக்கப்போறியா? உன் கடையில படுத்துப் புரளு, போ.”

பெருமாள் திரும்பிப் போனார். மறுநாள் தன் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஒரு கட்டு வைக்கோலை அனுப்பி, பாதையின் தலைக்கு அடியில் வைக்கச் சொன்னார்.

அந்த இரண்டாம் நாள் ஓணான்பாறையில் ஒரு கோடு புகைதான் எழும்பியது.

மூன்றாம் நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், பூங்காவனம் பாதையின்மேல் ஏறினாள். அவர் இருக்கும் இடம் இதற்குத்தானே தெரியும், இதன் கடைசிவரைக்கும் நடந்தால் அவர் இருக்க வேண்டும்தானே என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. காலுக்குக் கீழே தன் கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. போன வருஷ மழையில் இடுப்பளவு தோண்டிக்கொண்டுபோன பள்ளம் வந்தது, தான் காய்ச்சலோடு கல் சுமந்த ஏற்றம் வந்தது, ஜீப்புகள் வழுக்கி வழுக்கி மண்ணைக் கிழித்த சரிவு வந்தது, அதற்குமேல் கல்லும் நிற்காமல் மண்ணும் நிற்காமல் வெறும் பாறையாகத் தேய்ந்துபோன இடம் வந்தது. இவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அவள் அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். நாளுக்கு ஒரு துண்டாகப் பார்த்தவளுக்கு மொத்தமும் ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஊர்க்காரர்களோ, அவள் முருங்கைமரத்தை ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். காசியம்மாள் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. உச்சி வெயிலில் பாதை முடிந்தது. முகாம் இருக்க வேண்டிய இடத்தில் கோழிக்கூண்டு இருந்தது. வெள்ளைக்கோழி கூண்டின்மேல் உட்கார்ந்து, தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

நான்காம் நாள், ஓணான்பாறையின் புகை நூல்போல மெலிந்திருந்தது. முகாமை நடத்துகிறவர் நகரத்திலிருந்து கோவிந்தராசுவின் போனுக்கு மூன்று முறை பேசிவிட்டார்; வருஷக்கடைசி விடுமுறைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், எப்படியாவது பாதையைத் திருப்பி அனுப்புங்கள் என்று. கோவிந்தராசு மூன்று ஜீப்புகளையும் வேலிக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, தேர்வடம் மாதிரி ஒரு கயிற்றைப் பாதையின் தலையில் கட்டி இழுக்கச் சொன்னான். ஜீப்புகள் கத்தின, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன, ரப்பர் கருகும் நாற்றம் தெருவெல்லாம் பரவியது. பாதை ஒரு சாண்கூட நகரவில்லை. ஆனால் அதன் நடுவிலிருந்த புல்மேடு நெடுகத் துடித்ததைப் பூங்காவனம் பார்த்தாள். அவள் ஓடிப்போய்க் கயிற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“போதும் தம்பி. விட்டுடு.”

“அண்ணன் மேல இருக்காரு, அண்ணி. உங்களுக்காகத்தான் இழுக்கிறேன்.”

“தெரியும். விட்டுடு.”

ஜீப்புகள் அடங்கின. எல்லோரும் போன பிறகும் அவள் கயிற்றைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் சரி. பாதை ஏன் தன் வீட்டைத் தேடி வந்தது என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மலையில் பாதைகளுக்கு ஒரு மாத ஓய்வு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி மண் இளகிக் கிடக்கும் என்பதால், மார்கழி முதல் நாள் சூரமுள்ளை வெட்டிவந்து பாதையின் இரண்டு முனைகளிலும் போட்டுவிடுவார்கள். தை பிறக்கும்வரை அதன்மேல் மனுஷக்கால் படாது. முள் போடுவது சடையனின் குடும்பத்துக்கு உரிய வேலை. ஏழு வருஷத்துக்கு முன்பு, முகாமுக்காக இயந்திரம் வந்து ஒற்றையடிப்பாதையின் இரண்டு பக்கமும் மண்ணை வெட்டி ஜீப் போகிற அளவுக்கு அகலமாக்கியபோது, இதற்கு முள் போடுவதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசியது. சடையன் முள்ளை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூங்காவனம்தான் சொன்னாள், இயந்திரம் வெட்டியது ரோடு, ரோட்டுக்கு எங்கேயாவது முள் போடுவார்களா என்று. எல்லோரும் சிரித்தார்கள், அது சரியென்றும் பட்டது. கல் அடுக்கும் வேலை அவளுக்கு அந்த வாரம்தான் கிடைத்திருந்தது, ஒரு மாதம் வீட்டில் உட்கார அவளுக்கு மனமில்லை. அன்றிலிருந்து ஏழு மார்கழி, பாதைக்கும் ஓய்வில்லை, அவளுக்கும் இல்லை.

இப்போது முள் போட்டால் தைவரைக்கும் இன்னும் இருபத்தொரு நாள். மேலே நூல்போலப் புகை. போடாவிட்டால் அது எழுந்திருக்கப் போவதில்லை. இதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து, பாதைக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். பட்டப்பகலில் பூங்காவனம் படுத்து யாரும் பார்த்ததில்லை. காசியம்மாள் வந்து பார்த்துவிட்டு, உலை வைக்கத் தன் வீட்டிலிருந்தே அரிசி எடுத்தாள். தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். மில்லுக்காரர் மாவரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டதில், அவளும் பாதையும் மாறி மாறி மூச்சு விடுவது அடுத்த தெருவரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் ஓணான்பாறையில் புகையே இல்லை.

பூங்காவனம் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொடுவாளை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய், சூரமுள்ளைக் கை கிழியக் கிழிய வெட்டி, ஒரு பெரிய கட்டாக இழுத்துவந்தாள். பாதையின் தலைமாட்டில் நின்று, ஊரே கேட்கட்டும் என்றோ கேட்கக்கூடாது என்றோ இல்லாமல், வீட்டு ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

“அன்னைக்கு அவரு முள்ளோட நின்னாரு. போடவிடாம பண்ணது நான்தான். இப்ப போடறேன். தை பொறக்கற வரைக்கும் உன்னை ஒருத்தரும் மிதிக்கமாட்டாங்க. ஆனா மேல ஒன்பது பேரு இருக்காங்க. ஒரு ஆள் நடக்கற அகலம் மட்டும் எங்கூட எந்திரிச்சு வா. அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து உன்னை இங்கேயே படுக்கவெச்சுடறேன்.”

புழுதி எழும்பி, சற்று நேரம் அடங்காமல் நின்றது. அவள் குனிந்து பாதையின் ஓரத்தில் விரலை விட்டுத் தேடினாள். இயந்திரம் வெட்டிச் சேர்த்த மண்ணுக்கும் பழைய ஒற்றையடித் தடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய விளிம்பு தட்டுப்பட்டது. அதைப் பிடித்து இழுத்தாள். வாழைப்பட்டையிலிருந்து நார் கிழிந்து வருவதுபோல, ஒரு முழ அகலத்துக்கு அது நீளமாகக் கிழிந்து வந்துகொண்டேயிருந்தது.

வேலியோரம் நின்று பார்த்த கோவிந்தராசுவின் முகம் வாடியது. ஒரு முழ அகலத்தில் ஜீப் எப்படிப் போகும் என்று கேட்டான். போகாது என்றாள். தை பிறந்தால் மீதியும் எழுந்துவிடுமா என்று கேட்டான். அதை அதனிடம்தான் கேட்க வேண்டும் என்றாள். அவன் தன் ஜீப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு முள்கட்டைப் பிரித்து, அவளோடு சேர்ந்து வாசலில் மீதிக் கிடந்த பாதையின்மேல் பரப்பத் தொடங்கினான்.

சுருட்டிய பாதையைச் சும்மாடு வைத்துத் தோளில் ஏற்றியபோது அவளுடைய முழங்கால் மடங்கியது. ஏழு வருஷமாக அதன்மேல் ஏறிப்போன கூடாரங்கள், ஐஸ் பெட்டிகள், பாட்டுப் பெட்டிகள், மடக்கு நாற்காலிகள், வேலையிலிருந்து தப்பித்து வந்தவர்கள், சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள், தூக்கம் தொலைத்து வந்தவர்கள், அவர்கள் எல்லோரும் கொண்டுவந்து மேலே இறக்கிவைக்க நினைத்து வழியெல்லாம் சிந்திக்கொண்டே போன அலுப்பு, அத்தனையும் அந்தச் சுருளுக்குள் இருந்தன. காட்டின் ஓரத்தில் முனையைத் தரையில் வைத்தாள். இரண்டு மரங்கள் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு விலகின. அவள் விரித்துக்கொண்டே நடந்தாள், விரித்த இடத்தில் கால் வைத்து அடுத்ததை விரித்தாள், இரண்டு பக்கமும் இலைகள் தோளை உரசிக்கொண்டு வந்தன, தோளில் சுமை குறையக் குறையக் கால்கள் கனத்தன, மேலே போய்ச் சேரும்போது எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை மட்டும் அவள் நினைக்கவில்லை.

உச்சி சாய்ந்த நேரத்தில் கடைசி முழத்தை விரித்தபோது ஓணான்பாறை வந்தது. சத்தமே இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. நான்கு கூடாரங்களும் திறந்து கிடக்க, விருந்தாளிகள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக விழுந்து கிடந்தார்கள். ஓடைக்கரையில், காலி அரிசிச் சாக்கைத் தலைக்கு வைத்து சடையன் கிடந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மெல்ல எழும்பி, மெல்ல அடங்கியது.

அவள் தொப்பென்று உட்கார்ந்த சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார். “ஏ புள்ள, நீ எப்ப வந்த?” என்று, சந்தையிலிருந்து திரும்பியவளைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகுதான் அவள் தோளிலிருந்த ரத்தக்கோட்டைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் இவர்கள் ஒரே கூச்சல் என்றும், போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக அலைந்தார்கள் என்றும், போன்கள் அணைந்ததும் ஒவ்வொருவராகப் படுத்தவர்கள்தான் என்றும் சொன்னார்.

“நேத்து கடைசி அரிசியைக் கஞ்சியா வெச்சேன். எழுப்பப் போனா, அதுங்க தூங்கற தூக்கத்தைப் பார்த்து மனசு வரல. அப்படியே நானும் சாஞ்சேன். இவ்வளவு நாளா எங்க வெச்சிருந்தேன்னே தெரியல இந்தத் தூக்கத்தை.”

“பொகை தெரியல. நான் வேற நெனச்சுட்டேன்.”

பாதை எங்கே என்று கேட்டார். நம் வாசலில் என்றாள். அவர் தலையாட்டினார், வந்து சேர வேண்டிய ஒருவர் வந்துவிட்டதைக் கேட்டதுபோல. முள் போட்டாயா என்று கேட்டார். போட்டாயிற்று என்றாள். சட்டியின் அடியில் உறைந்திருந்த கஞ்சியை வழித்து அவர் அவள் கையில் வைத்தார், அவள் முழுவதையும் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

விருந்தாளிகளை எழுப்பினார்கள். எழுந்தவர்கள் யாரையும் திட்டவில்லை, மணி என்னவென்றும் கேட்கவில்லை. ஒற்றை வரிசையாகத்தான் போக வேண்டும், ஓரத்தில் கால் வைக்கக்கூடாது, எதையும் கீழே போடக்கூடாது என்று சடையன் சொன்னதைக் குழந்தைகள்போலக் கேட்டுக்கொண்டார்கள். அவர் முன்னால் நடந்தார். எல்லோருக்கும் பின்னால், வந்த வழியைச் சுருட்டிக்கொண்டே பூங்காவனம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் மரங்கள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டன. பத்தடிக்கு ஒரு தரம் முன்னாலிருந்து சடையன் குரல் கொடுத்தார், அது எட்டுப் பேர் வாய் மாறி, கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்தது, வர்றியா என்று. வர்றேன் என்று அவள் சொன்னது அதே எட்டு வாய் வழியாகத் திரும்பிப் போனது.

இறங்க இறங்கச் சுருள் பெரிதாகியது. வரிசையில் கடைசியாக, அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவள் யாமினி என்ற பெண். ஏறும்போது மூன்று பை கொண்டுவந்தவள், இப்போது ஒன்றைத்தான் முதுகில் போட்டிருந்தாள். பாதி வழியில் நின்று திரும்பி, நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா அக்கா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் பூங்காவனம் வாயெடுத்தாள். பிறகு தோளைக் கொஞ்சம் சாய்த்து, சுருளின் ஒரு பக்கத்தை அந்தப் பெண்ணின் தோளுக்கு மாற்றினாள்.

யாமினியின் முதுகு வளைந்தது.

“தினமும் இவ்வளவு கனமாவா இருக்கும்?”

“இல்லம்மா,” என்றாள் பூங்காவனம். “இன்னைக்குக் கொறைச்சல்தான்.”